பூசைக் கிண்ணத்தோடு சிதம்பரம் வரை

காலை ஆறேகாலுக்கு நானும் என் மனைவி ஆரோக்கியமும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி ஏறினோம். நான்கு லாரிக்குச் சொந்தக்காரன் எதற்குப் பஸ்ஸில் போகிறான் என்று கேட்பீர்கள். லாரி வைத்திருப்பவன் அடிக்கடி பஸ்ஸில் போனால்தான் ரோடு எப்படி இருக்கிறது என்று தெரியும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இப்படி யோசித்து யோசித்துத்தான் முன்னுக்கு வந்தேன்.

என் மடியில் ஒரு பெட்டி. உள்ளே, வெள்ளியில் தங்க முலாம் பூசிய பூசைக் கிண்ணம்; பூசையில் சாமியார் திராட்சை ரசம் ஊற்றி உயர்த்துவது. மகன் குருப்பட்டம் பெற்றுச் சாமியாரானால் முதல் பூசைக்குக் கிண்ணம் கொடுப்பது பெற்றவர்கள் வழக்கம். என் ஒரே மகன் சேவியர் இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு, தனக்குத் தேவ அழைத்தல் உண்டா என்று பார்க்கச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு துறவற வீட்டில் ஏழெட்டு மாதமாகத் தங்கியிருந்தான். "முடிவு பண்ணிட்டேன்பா. நாளைக்கு நவதுறவுக்கு அனுப்புறாங்க. வந்து நெத்தியில சிலுவை போட்டு அனுப்புங்க" என்று முந்தின நாள் போன் செய்தான். நவதுறவு என்பது ஜெபத்திலும் பயிற்சியிலும் ஒதுங்கியிருக்கும் காலம். பட்டத்துக்குப் பல வருடம் ஆகும், தெரியும். ஆனாலும் நல்ல பொருளை முன்கூட்டியே வாங்கிவைப்பவன் நான். எங்கள் பங்குக் கோவிலில் எல்லாரிடமும் சொல்லியும் ஆயிற்று.

செம்மங்குப்பம் வந்தது. "இங்கதான் மூட்டை தூக்குனேன். இந்தத் தோள்ல ஏறாத மூட்டையே இல்ல" என்றேன்.

"எத்தினி தடவ சொல்வீங்க? அந்த மூட்டைக்கே மனப்பாடம் ஆயிருக்கும்" என்றாள் ஆரோக்கியம்.

பக்கத்தில் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவர். கடலூரில் மகளைப் பார்த்துவிட்டு நடராஜரைக் கும்பிடப் போகிறவர். பெட்டியைத் திறந்து காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்கு மூணு பசங்க. ஒருத்தனையும் சாமிக்குக் குடுக்க மனசு வராதுங்க. உங்களுக்குப் பெரிய மனசு."

"மனசு மட்டுமா!" என்றேன். ஆரோக்கியம் தொடையில் கிள்ளினாள்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர் முடிந்து, ஏழே முக்காலுக்குச் சிதம்பரம். டீ பதினைந்து ரூபாய். இருநூறு கேட்ட ஆட்டோவை நூற்று இருபதுக்கு இறக்கினேன்.

"அந்த வீட்டுல சாமியாருங்க இல்லீங்களே. பிரதருங்கதான் இருக்காங்க" என்றார் டிரைவர்.

"ரெண்டும் ஒண்ணுதான். நீ ஓட்டு."

அண்ணாமலை நகர் தாண்டி வயல் நடுவில் நீளமான ஓட்டுக் கட்டடம். கொடி நிறையத் துவைத்த படுக்கை விரிப்புகள். யாருமில்லாத நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடம். வீட்டுத் தலைவரான பிரதர் கைலியோடு வந்தார். பெருமையாகப் பெட்டியைத் திறந்தேன்.

"அழகா இருக்குங்கய்யா. ஆனா எங்க சபையில குருப்பட்டம் கெடையாது. சாவுற வரைக்கும் பிரதர்தான். பூசை வைக்க டவுன்லேருந்து ஃபாதர் வருவாங்க."

ஆரோக்கியத்தைப் பார்த்தேன். "நாலு தடவ சொன்னேன். நீங்க காது குடுத்தாத்தான?" என்றாள்.

சேவியர் வந்து நின்றான். "துணிமணிய எடுத்துக்கிட்டு கெளம்புடா" என்றேன். "நீ பூசை வைக்க முடியாத எடத்துல உனக்கு என்ன வேலை? ஊருல நான் எப்புடித் தலை காட்டுறது?"

"நீங்க சிலுவை போடலன்னா நான் போவமாட்டேன்பா. ஆனா இப்ப ஒருத்தரக் குளிப்பாட்டணும். முடிச்சிட்டு வரேன்."

விடவில்லை. சண்டை போடப் பின்னாலேயே போனேன். கட்டிலில் கனத்த உடம்போடு ஒரு மனிதர். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. தூக்குவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இவனால் முடியாது என்று சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். சேவியர் முழங்கால் மடக்கி, அவருடைய விழுந்த கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு காதருகே கேட்டான்.

"மாமா, ஏறலாமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். எவ்வளவு நேரமோ. அவர் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். அப்புறம்தான் தூக்கினான். அந்த முரட்டு முகம் குழந்தைபோல என் மகன் தோளில் சாய்ந்தது.

சுவரை விட்டு நிமிர்ந்தேன். எத்தனை ஆயிரம் தூக்கியிருப்பேன்! மூட்டையிடம் யார் உத்தரவு கேட்கிறார்கள்?

பதினொரு மணிக்கு டவுனிலிருந்து ஃபாதர் வந்து, நானே எடுத்து நீட்டிய கிண்ணத்தைப் பூசைக்காக மந்திரித்தார். சேவியர் அதைத் துடைத்துப் பீடத்தில் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் அந்த மனிதரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டான். ஃபாதர் கிண்ணத்தை உயர்த்தியபோது எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் தெரியட்டும் என்று சேவியர் அவர் தாடையைத் தாங்கி உயர்த்திக்கொண்டிருந்தான். என் கை முன்னால் கிண்ணத்துக்கும் பின்னால் அவர்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டது.

கிண்ணம் அந்த வீட்டிலேயே தங்கியது. புறப்படும்போது சேவியர் தலை குனிந்து நின்றான். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்துப்போன என் கட்டைவிரலை அவன் நெற்றி வரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

"போடலாமாடா?"

கண்ணை மூடித் திறந்தான். போட்டேன்.

திரும்பும் வழியில் செம்மங்குப்பம் தாண்டியது. "என்ன, மூட்டைக் கதையக் காணோம்?" என்றாள் ஆரோக்கியம்.

"அதெல்லாம் ஒரு தூக்கா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் கேட்பார்கள், மகன் எப்போது சாமியாராகிறான் என்று. கேட்கட்டும். என் மகன் தூக்குவதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒருவரும் வேளைக்கு வீடு போய்ச் சேர முடியாது.