ஹாக்கிப் பலகையில் தாத்தாவின் பெயர்

கல்கத்தாவின் பவானிபூரில் என் அத்தை படித்த பெண்கள் கல்லூரியின் நடைக்கூடத்தில் ஒரு கறுப்புப் பலகை தொங்கும். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் ஹாக்கிப் போட்டியில் அந்தக் கல்லூரி கோப்பை வாங்கிய வருடங்கள் ஒரு பக்கமும், அந்தந்த வருடத்து கேப்டன்களின் பெயர்கள் இன்னொரு பக்கமுமாகப் பொன்னிறத்தில் எழுதியிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஏறக்குறைய ஒரு மாத காலம் அதில் என் தாத்தாவின் பெயர் இருந்தது. தாத்தா ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டவர் இல்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முழுக்கைச் சட்டையும் வேட்டியுமாக லேக் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர். அவர் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆன கதையைத்தான் சொல்ல வந்தேன். அவர் பெயரை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. அது அவரே போட்ட நிபந்தனை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே ஹாக்கி அணியில் இடம் கிடைத்து, வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போடவேண்டிய தாளோடு வந்து நின்றாள். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"விளையாடு, விளையாடாம இரு. எம்பேரு மட்டும் எதுலயும் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

கையெழுத்தை அப்பா போட்டார். அன்றிலிருந்து தாத்தாவைப் பொறுத்தவரை உலகத்தில் ஹாக்கி என்று ஒன்று கிடையாது. அத்தை நொண்டிக்கொண்டு வந்தால் ஏன் என்று கேட்க மாட்டார். மட்டை வீட்டுக்குள் வராது. மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் எதிர் வீட்டு வங்காளி அம்மாளின் கட்டிலுக்கடியில் கிடக்கும். அத்தை அணியின் கோல்கீப்பர். காலில் கட்டிக்கொள்ளும் திண்டுத் திண்டான பேடுகளும் அதே கட்டிலுக்கடியில்தான். மாஷிமா வீட்டுப் பூனை அதில் இரண்டு முறை குட்டி போட்டது.

பந்து பட்டுக் கணுக்கால் வீங்கும் நாட்களில் எனக்கு வேலை வந்துவிடும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடி, மீன்காரரிடம் உடைத்த ஐஸ் வாங்கி வருவேன். நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள்; வெங்காயத்துக்கே நாள் பார்ப்பவர்கள். ஹில்சா மீன் படுத்திருந்த ஐஸ் எங்கள் அறைக்குள் உருகும்போது அம்மா ஊதுபத்தியை மூன்று மூன்றாகக் கொளுத்துவாள். தாத்தா மூக்கை உறிஞ்சுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். ஹாக்கியே இல்லை எனும்போது ஐஸ் மட்டும் எங்கிருந்து வரும்?

அத்தை மூன்றாம் வருடம் வந்தபோது கேப்டன் ஆனாள். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் கோப்பை அவர்கள் கல்லூரிக்குத்தான். தொடர்ந்து மூன்று வருடம் எந்தக் கல்லூரியும் வாங்கியதில்லை என்பது அத்தையின் வாய்ப்பாடு. தாத்தாவுக்கு வருடா வருடம் துறைமுகத்திலிருந்து வரும் டைரிகளில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, போட்டி போட்டியாக எழுதச் சொன்னாள். யாரோடு ஆட்டம், யார் கோல் போட்டது, நாம் எத்தனை வாங்கினோம். எனக்குப் பத்து வயது. தமிழ் எழுத்து தடுமாறும் என்பதால் வங்காளத்தில் எழுதினேன். அந்த வருடம் இறுதிப்போட்டிக்கு முன்னால் வாங்கிய கோல்கள் என்ற இடத்தில் ஒன்று என்றுதான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் அத்தை சொல்லி நான் எழுதிய குறிப்பும் இருக்கும்: பந்து அடித்தவளின் காலில் பட்டது, அம்பயர் பார்க்கவில்லை.

இறுதிப்போட்டி விக்டோரியா மெமோரியல் பக்கத்துப் பெரிய மைதானத்தில் நடந்தது. பிள்ளைக்கு விக்டோரியா மெமோரியல் காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி அத்தை என்னையும் கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் கோல் விழாமல் பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. எதிரணியின் கடைசிப் பெண் உயரமாக, அவசரமே இல்லாதவளாக வந்து நின்றாள். அத்தை அவளைப் பார்த்து மட்டையால் தரையை இரண்டு தட்டு தட்டினாள். அடித்த பந்து வலது மூலைக்குப் போனது. அத்தையின் கால் அதற்கு முன்னாலேயே அங்கே இருந்தது. பிறகு ஒரு டஜன் பெண்கள் அவள் மேல் விழுந்தார்கள். அவளைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது. விக்டோரியா மெமோரியலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். நான் டைரியில் எழுதினேன்: மூன்றாவது முறை.

சில வாரங்களில் ஓவியர் வந்து பலகையில் புது வரியை எழுதிவிட்டுப் போனார். அன்று மாலை அத்தை வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று கூடத்திலும் கிடந்தது. தாத்தா கோயிலுக்குப் போயிருந்தார். "பலகையில ஒங்க அப்பா பேரு இருக்கு" என்று அப்பாவிடம் கத்தினாள், அவளுக்கு அவர் அப்பா இல்லை என்பதுபோல.

நடந்தது இதுதான். நம் ஊரில் அப்பா ஓர் எழுத்து, பிள்ளை முழுப் பெயர். வங்காளிகளுக்கு இது விளங்காது. பெயருக்குப் பின்னால் சென் என்றோ தத்தா என்றோ ஒரு டைட்டில் வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தில் கட்டம் காலியாக நிற்கும். தாத்தா எந்தக் கட்டத்தையும் காலியாக விடும் மனிதர் அல்ல. அத்தையைக் கல்லூரியில் சேர்த்த அன்று, தன் முத்து முத்தான கையெழுத்தில், டைட்டில் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதிவிட்டார். பலகை எழுதுகிறவர் எல்லாக் கேப்டன்களுக்கும் செய்வதுபோலப் பெயரைச் சுருக்கி, டைட்டிலை முழுசாக எழுதினார். அத்தை கே என்ற ஒரே எழுத்தாகிவிட்டாள். பக்கத்தில் பளபளவென்று தாத்தா.

அடுத்த நாளே அத்தை கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றாள். பொரோபாபு என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை எழுத்தர், பதிவேட்டில் உள்ளதுதான் பலகையில் வரும் என்றார். அவள் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் பதினோரு பேரையும் மட்டையோடு கூட்டிக்கொண்டு போனாள். பொரோபாபு டீ வரவழைத்துக் கொடுத்தாரே தவிர பெயரை மாற்றவில்லை. "கோல் தடுத்தது யாரு? நான். எங்காலு. எம்பேரு அங்க இருக்கணும்" என்று வீட்டில் எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், தாத்தா இல்லாத நேரமாகப் பார்த்து. எனக்கு அவள் கோபம் அதிகப்படியாகத்தான் பட்டது. எப்படியும் நம் வீட்டுப் பெயர்தானே என்று நினைத்தேன்.

தாத்தாவுக்குச் செய்தி பெருங்காயக் கடையில் கிடைத்தது. லேக் மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் கடைக்கு ஒரு சனிக்கிழமை காலை நானும் அவரோடு போயிருந்தேன். மகளை அதே கல்லூரியில் படிக்கவைத்திருந்த ஒருவர், சிரித்துக்கொண்டே தாத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒங்க பேரு காலேஜ்ல தங்க எழுத்துல மின்னுதே. ஹாக்கி சாம்பியன்னு."

தாத்தா பெருங்காயத்தை வாங்கினார். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பவானிபூர் பஸ்ஸில் ஏறினார்.

நடைக்கூடத்தில் பலகையின் எதிரே நின்று முதல் வரியிலிருந்து படித்தார். வருடம், பெயர், வருடம், பெயர். தன் பெயர் வந்த இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு அலுவலகத்துக்குள் போய்த் தன் துறைமுக ஆங்கிலத்தில், இது என் பெயர், நான் ஹாக்கி ஆடியதில்லை, எனவே இது பொய்யான பதிவு என்று சொன்னார். பொரோபாபு அவரை ஏற இறங்கப் பார்த்தார். முருங்கைக்காயையும் பார்த்தார். அத்தையின் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். தாத்தா தன் கையெழுத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களின் கோப்புகளில் பிழை கண்டுபிடித்தவர் அவர்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியிலிருந்த அத்தை, பேடுகளைக்கூடக் கழற்றாமல் மண்ணும் வேர்வையுமாக அலுவலக வாசலில் வந்து நின்றாள். தாத்தா அவளை அந்தக் கோலத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"எம்பேரை எடுக்கச் சொல்லு. அவ பேரையே போட்டுக்கிடட்டும்."

"அதத்தான் நானும் ஒரு மாசமா கேக்கேன்" என்றாள் அத்தை. அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

நான் நடுவில் நின்று பொரோபாபுவிடம் வங்காளத்தில் சொன்னேன். இரண்டு பேர் கேட்பதும் ஒன்றுதான் என்றால் சண்டை எதற்கு என்று அவருக்குக் குழப்பம். பாவம், நல்ல மனிதர். பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டு, அத்தைக்கு நல்லது சொல்வதாக நினைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "லோகே பாப்பே பாபா நேய்." அப்பா இல்லாத பெண் என்று ஜனங்கள் நினைப்பார்களே என்று அர்த்தம். தாத்தாவுக்கு வங்காளம் தெரியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இந்த ஊரில் தலை நரைத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

அத்தை உள்ளே வந்து பேடோடு பேட் உரச பொரோபாபுவின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பாபுக்" என்றாள். நினைக்கட்டும்.

தாத்தா ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தந்தையின் பெயரை நீக்குவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியையும் போட்டார். அத்தைக்கு ஹாக்கிக்காக அவர் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை வழிவிட்டு நின்றாள், தலையைக் குனியவில்லை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் காளிகாட் தாண்டியது. தாத்தா திடீரென்று கேட்டார்.

"எத்தன கோலு விட்டா?"

"மொத்தமே ஒண்ணுதான் தாத்தா. அதுவும் அடிச்சவ கால்ல பட்டுது. அம்பயர் பாக்கல."

"பின்ன எப்பிடி அத கோலுன்னு எழுதினானுவ?" என்றார் கோபமாக. "பதிவுல தப்பு."

நாங்கள் இறங்கவேண்டிய லேக் மார்க்கெட் வந்தது, கண்டக்டர் கத்தினார், நாலு பேர் இறங்கினார்கள். தாத்தா முருங்கைக்காயைப் பிடித்தபடி எதிர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கரியாஹாட்டில் போய்த்தான் இறங்கினோம். வெயிலில் அவ்வளவு தூரம் திரும்பி நடந்ததில் என் கால் வலித்தது. அதைத்தான் வீட்டில் புகாராகச் சொன்னேன், மற்றதை அல்ல.

அடுத்த வாரமே ஓவியர் வந்து பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதினார். எல்லா வரிகளிலும் எழுத்தும் டைட்டிலும். அந்த ஒரு வரியில் மட்டும் ஒற்றைப் பெயர், முழுதாக. பக்கத்தில் சுரண்டிய இடம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. பிறகு அத்தைக்குக் கல்யாணம் ஆனது, வேலை கிடைத்தது. எந்தப் படிவத்திலும் அவள் இன்னொருவர் பெயரைப் பின்னால் சேர்க்கவில்லை. கட்டம் காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் இருக்கட்டும் என்பாள். தாத்தாவும் அவளும் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு, மழை, ரயில் டிக்கெட் பற்றி. பலகையைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து நானும் அதே கல்லூரியில் சேரப் போனேன். அணி கலைந்து போயிருந்தது; பலகையின் கீழ்ப்பாதி காலியாகவே இருந்தது. விண்ணப்பத்தை வாங்கிய அம்மாள், டைட்டில் எங்கே, ஒற்றைப் பெயர் இங்கே வழக்கமில்லையே என்றார். நான் அவரை நடைக்கூடத்துக்கு அழைத்துப்போய் விரலால் காட்டினேன். அவர் படித்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். அத்தையின் கோபம் அதிகப்படி என்று நினைத்த சிறுமிக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

புரியாமல் போனது இன்னொன்றும் உண்டு. கேட்டது கிடைத்த பிறகும் தாத்தா ஏன் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பெயரை எடுக்கச் சொல்கிறவர், "வேண்டாம், இருக்கட்டும்" என்று ஒரு குரல் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. வேண்டுமென்றால் ஒரு நாள் மைதானத்துக்கு வந்து நின்றிருக்கலாம்.

அவர் பெயரை எதிலும் சேர்க்கக்கூடாது என்றார், இங்கேயும் சேர்க்கவில்லை. அத்தை அப்படி ஒரு நிபந்தனையும் போட்டதில்லை. அவள் பெயர் காந்திமதி.