பிண்ணாக்கு வீடு

ஜோர்டானில் அஜ்லூனுக்கும் இர்பிதுக்கும் நடுவே பஸ் ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர் ரஸ்மி. ஓய்வு பெற்றதும் அஜ்லூன் மலைச் சரிவில் ஒரு கல் வீடு கட்டினார். மற்ற எல்லாவற்றிலும் மனைவி நுஸ்ஹாவின் பேச்சைக் கேட்டவர், ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார். வீட்டுக்குள் புகை என்கிற பேச்சே இருக்கக் கூடாது.

காரணம் இருந்தது. அவர் வளர்ந்த வீட்டில் குளிருக்கு ஒரே கதி கரிச்சட்டிதான். துவைத்தாலும் போகாத புகை வாடையோடு பள்ளிக்கூடம் போவார். பக்கத்துப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டான்டா சுட்ட கத்திரிக்காய்" என்பார்கள். வகுப்பு முடியும்வரை அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால் புது வீட்டில் அறைக்கு அறை சுவரோரமாக வெள்ளை ரேடியேட்டர்கள் வந்தன. கீழே ஒரு பாய்லர் டீசலைக் குடித்து வெந்நீர் காய்ச்சும். மோட்டார் அதை எல்லா அறைக்கும் சுற்றி விடும். "பஸ்ல ரேடியேட்டர் சூடானா வண்டிய ஓரங்கட்டணும். வீட்டுல சூடானா கால நீட்டி உக்காரலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கால் நீட்டி உட்கார்ந்தது முதல் குளிர்காலத்தோடு சரி. டீசல் விலை ஏறியது, பென்ஷன் ஏறவில்லை. போதாக்குறைக்கு, ஜன்னல் இடுக்கு, மாடிப்படி, மொட்டைத்தளம் என்று கிடைத்த வழியிலெல்லாம் அந்த வீட்டின் சூடு வெளியே ஓடியது. அடுத்த வருஷத்திலிருந்து பாய்லர் விருந்தாளிகளுக்கான சாமானாகிவிட்டது. யாராவது வருகிறார்கள் என்றால் காலையிலேயே பற்ற வைப்பார், அவர்கள் படி இறங்கியதும் அணைப்பார். மற்ற நாட்களில் ஒரு சின்ன அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர். அந்த நெடியில் நுஸ்ஹாவுக்கு ஓயாத இருமல்.

பக்கத்து வீட்டு அவ்வாதுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆலிவ் செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கை அழுத்தி, கட்டை கட்டையாகக் காயவைத்து விற்பார்கள். அவர் கூடத்தில் ஒரு இரும்பு அடுப்பை வைத்து, குழாயை வெளியே விட்டு, அதைத்தான் எரித்தார். வீடு முழுக்கக் கதகதவென்று இருக்கும். எண்ணெய் வாடையும் இருக்கும்.

"நாமளும் அத வெச்சுக்கலாமே" என்று நுஸ்ஹா வருஷா வருஷம் சொன்னாள்.

"மனுஷன் குடியிருக்கிற வீடா, செக்கடியா?" என்பார் ரஸ்மி. டீக்கடையிலும் சும்மா இருக்கவில்லை. அவ்வாது உள்ளே நுழைந்தால், "கதவத் திறந்து வைங்கப்பா, பிண்ணாக்கு வீடு வந்தாச்சு!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவ்வாதும் சிரிப்பார். பேர் ஒட்டிக்கொண்டது. பேர் வைத்ததில் ரஸ்மிக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஜனவரியில் மகள் ஷுரூக்குக்கு இர்பிதில் பெண் குழந்தை பிறந்தது. அஜ்லூன் குளிரில் பச்சைக் குழந்தையா என்று சம்பந்தியம்மா உம்மு குதைபா தயங்கினாள்.

"சம்பந்தியம்மா, எங்க வீட்டுல ரூமுக்கு ரூம் வசந்த காலம்" என்றார் ரஸ்மி, நெஞ்சில் கை வைத்து. "நாப்பது நாளும் எங்ககிட்ட விடுங்க."

கொண்டுவந்து விட்ட அன்று வீடு சுடச்சுட இருந்தது. உம்மு குதைபா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளை பெற்ற வீட்டில் காய்ச்சும் கராவியாக் கஞ்சியை ருசித்துச் சாப்பிட்டாள், மனம் நிறைந்து போனாள். அவள் கார் வளைவைத் தாண்டியதும் ரஸ்மி கீழே போய் பாய்லரை அணைத்தார். ஷுரூக் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையோடு அவளும் மண்ணெண்ணெய் அறைக்கு வந்து சேர்ந்தாள். நெடி தாங்காமல் குழந்தை தும்மும்போதெல்லாம் ஜன்னலைத் திறப்பாள், குளிர் உள்ளே பாய்ந்ததும் மூடுவாள்.

"பாய்லரப் போடுங்க யாபா, ராத்திரிக்கு மட்டுமாவது" என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள்.

"போடறேன்மா, போடறேன். இன்னும் பெரிய குளிர் வரலியே."

பெரிய குளிர் வந்தது. ஒரு விடியலில் ஊரே வெள்ளையாகக் கிடந்தது, மின்கம்பிகள் அறுந்து தொங்கின. ரஸ்மி பதறிக்கொண்டு கீழே போனார். தொட்டியில் டீசல் இருந்தது, மனசும் இருந்தது, ஆனால் மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது அறையில் யாருமில்லை. வாசல் பனியில் இரண்டு பேரின் காலடித் தடங்கள் அவ்வாது வீட்டை நோக்கிப் போயிருந்தன. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார்கள். சொல்லியிருந்தால் தடுத்திருப்பார் என்பது அவருக்கே தெரியும்.

அங்கே போகாமலும் இருக்க முடியவில்லை. கதவைத் தட்டினார்.

"வாங்க அபூ முஹன்னத், உள்ள வாங்க, குளிருது" என்றார் அவ்வாது, ஊர் வழக்கப்படி மூத்த மகன் பேரால் ரஸ்மியைக் கூப்பிட்டு, தினமும் வந்து போகிறவரை அழைப்பது போல.

அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மெத்தை விரித்திருந்தார்கள். கை கால்களை நீட்டிப் போட்டு, கன்னம் சிவந்து, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து அதை மூட்டையாகத்தான் அவர் பார்த்திருந்தார். அதற்குப் பாதம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஷுரூக் அப்பாவைப் பார்க்காமல் டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

ரஸ்மி உட்காரப் போகையில் பால்கனிக் கதவுக்கு வெளியே ஒரு நீலக் கோட்டு தொங்குவதைப் பார்த்தார். அதன் மேல் பனி படிந்திருந்தது. "துணி நனையுதே" என்றார், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று.

அவ்வாதின் மனைவி தட்டில் ரொட்டியை வைத்தபடி சொன்னாள்: "அது எங்க பொண்ணு ஸித்ராவோட ஸ்கூல் கோட்டு. உள்ள வெச்சா வாடை பிடிக்குதாம். பிள்ளைங்க 'பிண்ணாக்கு, பிண்ணாக்கு'ன்னு கூப்பிடறாங்களாம். எந்தப் பாவி ஆரம்பிச்சானோ."

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வாதுக்குத் தெரியும். அவர் குனிந்து அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார், நிமிரவே இல்லை. ரஸ்மியின் கைகள் தாமாகவே நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன.

மின்சாரம் வராததால் குழந்தை அங்கேயே இருந்தது. பாதை திறந்த அன்றே உம்மு குதைபா ஓடி வந்தாள். குழந்தை பக்கத்து வீட்டில் இருப்பதைப் பார்த்து அவள் புருவம் உயர்ந்தது. ரஸ்மி வாயைத் திறப்பதற்குள் அவ்வாது முந்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, ஹாஜ்ஜா. என் பொண்டாட்டிக்குக் குழந்தைன்னா உசுரு. நாங்கதான் தொந்தரவு பண்ணித் தூக்கிட்டு வந்தோம்."

"நல்லவேளை, நான் பயந்தே போயிட்டேன்" என்றாள் உம்மு குதைபா. "நாங்க இர்பிதுல நடுங்கிச் செத்தோம். இவங்க வீட்டுல எல்லா ரூமும் சூடா இருக்கும்னுதான் நிம்மதியா இருந்தேன். இல்லையா, அபூ முஹன்னத்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நுஸ்ஹா அவர் முகத்தையே பார்த்தாள். ஷுரூக்கும் பார்த்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ்" என்றார் ரஸ்மி.

அன்று நுஸ்ஹா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துணி மடித்துக்கொண்டே, "அந்த மனுஷன் உங்களுக்காகப் பொய் சொன்னாரு. நீங்க அவர் முன்னாடியே அதுல ஒளிஞ்சுக்கிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஹீட்டிங் பற்றி அவள் அவரிடம் யோசனை கேட்கவில்லை. தானே முடிவு செய்தாள். பாய்லரையும் ரேடியேட்டர்களையும் ஜெரஷ் ஊர் ஆள் ஒருவனுக்கு விற்றாள். மாடிப்படிக்குக் கதவு போட்டாள், ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் ஒட்ட வைத்தாள், கூடத்தில் வைக்க ஒரு பிண்ணாக்கு அடுப்புக்குச் சொல்லி வைத்தாள். ரஸ்மி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஆலிவ் அறுவடை வந்ததும் அவ்வாதுதான் அவரைப் பிண்ணாக்குக் கட்டை வாங்கச் செக்குக்கு அழைத்துப் போனார். அங்கே டீக்கடைக் கூட்டாளி ஒருவன் நின்றிருந்தான். "என்ன அபூ முஹன்னத், நீங்களும் பிண்ணாக்கு வீடாயிட்டீங்களா?" என்று கூவினான்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரஸ்மிக்குக் காது மடல் எரிந்தது. "அந்தப் பேர வெச்சவன் நான்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "குளிருக்கு என் பேத்தி ஒண்டுனது இவரு வீட்டுலதான். என் வீட்டு பாய்லர் உங்களுக்குக் காட்டறதுக்கு மட்டும்தான் எரிஞ்சுது. இனிமே யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க."

சிரிப்பு நின்றுபோனது. அவ்வாது மட்டும், "இத எதுக்கு இப்ப" என்று முணுமுணுத்து மூட்டையைத் தூக்கினார்.

ஸித்ராவிடமும் போய்ச் சொன்னார். அவள் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும் மாமா" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்து நின்றார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினார்.

கடைசியாக இர்பிதுக்குப் போனார், தான் ஓட்டிய அதே பாதையில், பயணியாக. உம்மு குதைபா முழுவதையும் கேட்டாள். பிறகு காபியை ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள். "ஷுரூக் அன்னிக்கே சொல்லிட்டா. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்டீங்க."

வீடு இப்போது நன்றாக இருக்கிறது. டீசலுக்குப் போனதில் சின்னப் பங்குதான் செலவு, நுஸ்ஹாவின் இருமலும் நின்றுவிட்டது. வருகிறவர்கள் அடுப்பருகே உட்கார்ந்து, "அபூ முஹன்னத், நல்ல முடிவு எடுத்தீங்க" என்கிறார்கள். "எடுத்தது அவ" என்று சொல்லிவிட்டு, அடுப்பின் சாம்பல் தட்டை இழுத்துக்கொண்டு ரஸ்மி வெளியே போய்விடுகிறார்.