வராத நோயைக் குணப்படுத்தியவர்கள்

எங்கள் திட்ட அதிகாரிக்கு நோயாளிகளைக் கண்டால் ஆகாது. நோயாளிகள் இருமுவார்கள், சளி துப்புவார்கள், மாத்திரை கேட்பார்கள். அவருக்குப் பிடித்தவர்கள் குணமானவர்கள் மட்டும்தான். அதுவும் காகிதத்தில் குணமானவர்கள் என்றால் இன்னும் பிடிக்கும்.

வெளிநாட்டுப் பணத்தில் நடந்த காசநோய்த் திட்டம் அது. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக் கட்டடத்தில் ஆபீஸும் மாத்திரை கொடுக்கும் கிளினிக்கும். அந்த ஊர்த் தங்கச் சுரங்கம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து சர்க்கார் கைக்கு மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் அங்கே ஹெல்த் விசிட்டராக இருந்தேன். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடந்து போய், யார் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள், யார் நிறுத்திவிட்டார்கள் என்று பார்த்து வந்து அதிகாரியிடம் சொல்வது என் வேலை. சொன்னேன். அவர் காதில் வாங்கியதாக நினைவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை போகும். ஒவ்வொரு அறிக்கையிலும் குணமானவர்கள் கூடியிருப்பார்கள். பாதியில் நின்றுபோனவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அதிகாரியிடம் ஒருமுறை கேட்டேன்.

"வரலைன்னா குணமாயிட்டாங்கன்னு அர்த்தம்மா. நோய் இருந்தா வரமாட்டாங்களா?"

"செத்துப்போனவங்களும் வர்றதில்ல சார்" என்றேன்.

பவுடர் மணக்கும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் ஏதோ வேடிக்கை சொன்னதுபோலச் சிரித்தார்.

ஒரு நாள், பணம் கொடுத்தவர்களின் சார்பில் ஒரு வெள்ளைக்காரர் வருவதாகக் கடிதம் வந்தது. குணமான ஒருவரை நேரில் பார்க்க வேண்டுமாம், படம் எடுக்க வேண்டுமாம். மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம் இட்லி விற்கும் ஓர் அம்மாவைச் சொன்னேன். எலும்பும் தோலுமாக வந்து, நிஜமாகவே குணமாகி, மறுபடியும் அடுப்பு மூட்டியவள்.

"அந்தம்மா வேணாம். மழைக்காலத்துல மாத்திரையே வரலைன்னு அவர்கிட்டயே ஆரம்பிச்சிடுவா. அதுவுமில்லாம, பார்க்கறதுக்கு..." என்று அதிகாரி இழுத்தார். பல் போன கிழவி படத்துக்கு லாயக்கில்லை என்பதைச் சொல்லி முடிக்கக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

அவர் கண்டுபிடித்த நோயாளி கால்பந்து மைதானத்தில் இருந்தான். ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை பார்க்கும் பையன், எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவன். கதவுபோல அகன்ற மார்பு. ஒரு தும்மல்கூட வந்தறியாத உடம்பு. கொஞ்ச நேரம் வந்து நின்றால் டீமுக்குப் புதுத் தோல் பந்து வாங்கித் தருவதாக அதிகாரி ஆசை காட்டியிருந்தார்.

அவன் என்னிடம் வந்து யோசனை கேட்டான். "இன்னா சிஸ்டர், போயி நிக்கலாமா?"

"வேணாம்ப்பா. இந்த நோவுப் பேரு ஒருவாட்டி ஒட்டிக்கினா போவாது."

"அந்தத் துரை பாத்துட்டு ஊருக்குப் போயிடுவாரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். போய் நின்றான்.

வெள்ளைக்காரர் வந்த அன்று நிஜ நோயாளிகள் யாரும் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியாகிவிட்டது. வராந்தாவைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரருக்கு இருமல் சத்தமே கேட்காத காசநோய்க் கிளினிக்கைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. பையனின் கையைக் குலுக்கி, எது மிகவும் கஷ்டமாக இருந்தது என்று கேட்டார். அதிகாரி தமிழில் கேட்டார்.

"போன வருஷம் மாரிகுப்பம் டீமோட ஆடினதுதான் சார்" என்றான் பையன்.

அதிகாரி கண் இமைக்காமல் மொழிபெயர்த்தார். சாவின் வாசல்வரை போனானாம், இவர்கள் அனுப்பிய மாத்திரைதான் அவனைத் தாயிடம் திருப்பிக் கொடுத்ததாம். வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த இருவரில் யார் பெரிய மடையர் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

சில வாரங்களில் போஸ்டர் வந்து இறங்கியது. சிரித்த முகமும் அகன்ற மார்புமாகப் பையன். கீழே தமிழிலும் கன்னடத்திலும் 'காசநோயிலிருந்து நான் மீண்டேன்' என்று எழுத்து. பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் சினிமாக் கொட்டகைச் சுவரிலும் ஒட்டினார்கள்.

அவனுக்குப் பக்கத்துச் சுரங்கமான நந்திதுர்க்கில் பெண் நிச்சயமாகி, சர்ச்சில் மூன்று வாரம் வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்து முடிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஐயர் ஓலை வாசிக்கவில்லை. போஸ்டரைப் பார்த்த பெண்ணின் அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். பையன் சர்ச்சிலிருந்து நேராக அதிகாரியின் வீட்டுக்குப் போனான். பயந்துபோய் நானும் கூடப் போனேன்.

"எனக்கு எந்த நோவும் வரலைன்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்க சார்."

"அதெப்படிப்பா முடியும்? ரிப்போர்ட்ல நீ நோயாளி. முழுசா குணமாயிட்டேன்னு வேணா தரேன். சீல் போட்டே தரேன்."

"வராத நோவு எப்படி சார் குணமாவும்?"

அதிகாரி பால்கனியில் இருந்த ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நானே நந்திதுர்க் போய்ப் பெண் வீட்டில் உண்மையைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். டி.பி. ஆபீஸ் சிஸ்டர் வாசலில் நிற்கிறாள் என்றதும், இந்த வீட்டிலும் நோய் வந்துவிட்டதா என்று லைனே எட்டிப் பார்த்தது. பெண்ணின் அப்பா சுரங்கத்தின் அடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பவர். "நீங்களும் அந்த ஆபீஸ் ஆளுதானே. நேத்து இருந்துச்சுன்னு ஒட்னீங்க, இன்னிக்கு இல்லன்றீங்க" என்றார். அவர் பேச்சில் தவறில்லை.

பெண் உள்ளேயிருந்து வந்தாள். "எக்ஸ்ரே எடுத்தா தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்மா."

"அப்ப அப்பாவும் கூட போவட்டும். அவரே கண்ணால பாக்கட்டும்."

சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நானும் பையனும் பெண்ணின் அப்பாவுமாக மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் இருமியது பெண்ணின் அப்பாதான். டாக்டர் பையனின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நோய் வந்த தடமே இல்லை என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். பெரியவர் படத்தை வாங்கித் தாமும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பையனின் தோளில் கை வைத்து, "வா, டீ குடிக்கலாம்" என்றார். ஓலை மறுபடியும் வாசிக்கப்பட்டது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எக்ஸ்ரே விஷயம் அதிகாரி காதுக்கு எட்டியதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதியதற்கு நகல் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பப் பார்த்தார். நான் மறுத்ததும் வேறு ஆளை அனுப்பி எப்படியோ வாங்கிவிட்டார். அடுத்த அறிக்கையில் அது முதல் பக்கத்தில் போனது: நோய்த் தடமே இல்லாத அளவுக்குப் பூரண குணம், வெளி ஆஸ்பத்திரி உறுதி செய்தது. டைப் அடித்த பெண் என்னிடம் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு யாரும் அழைக்காமலே, அதிகாரி ஒரு போட்டோக்காரரோடு வந்தார். மணமக்கள் நடுவில் போய் நின்று, "உங்க நல்வாழ்க்கைக்கு எங்க திட்டமும் ஒரு காரணம்" என்றார்.

மணப்பெண் குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் நின்னதுக்குத்தான் சார் நீங்க காரணம். போட்டோ வேணாம். பந்தியில எடம் கீது, சாப்ட்டுட்டுப் போங்க."

ரோஷமுள்ளவன் போயிருப்பான். இவர் பந்தியில் உட்கார்ந்தார். பிரியாணியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

பின்னொரு நாளில் அவருக்கு டெல்லியில் பெரிய பதவி கிடைத்தது. ஆபீஸில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். நான் போகவில்லை. லைனில் ஒரு வீட்டில், மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு வாரமாகக் காத்திருந்த ஒருவரிடம், இந்த வாரமும் வரவில்லை என்று சொல்லப் போயிருந்தேன்.