பச்சைக் காரின் சொந்தக்காரர்

போன கிழமை கைபேசியில் ஒரு விற்பனை விளம்பரம் பார்த்தேன். எழுபதுகளில் வந்த அமெரிக்கக் கார். கரும்பச்சை நிறம், பொனற்றின் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள். சாவியைத் திருப்பியதும் இயங்கும் என்று எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதே கார்தான். அந்தக் கார் இயங்கியதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. இத்தாலியின் பலேர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய வீட்டில், கணவரை இழந்த இத்தாலிய அம்மையார் ஒருவரிடம் அம்மா வேலை செய்தார்; சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கீழே கராஜ். அதை ஒட்டிய அறையில் அப்பா, அம்மா, நான். வாடகை இல்லை. கராஜில் நின்றது சிஞ்ஞோராவின் செத்துப்போன கணவருடைய கார். எங்கள் அறையை விட அது நீளம் என்பார் அப்பா. பகிடியில்லை, உண்மையிலேயே நீளம்தான்.

சிஞ்ஞோராவின் மகன் மிலானில் இருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயைத் தன்னோடு கூட்டிப்போக நினைத்தார். கணவரின் கார் நிற்கும்வரை தானும் அசையமாட்டேன் என்று சிஞ்ஞோரா பிடிவாதமாக இருந்தார். அதனால் காரை விற்க முனைந்தார் மகன். கார் போனால் சிஞ்ஞோரா போவார், எங்கள் அறையும் போகும். இதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

மாலைகளில் சிஞ்ஞோரா இறங்கிவந்து, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவார். ஆளில்லாத ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசுவார். நிறுத்துவார், தலையாட்டுவார், பிறகு கேள்விக்குப் பதில் சொல்பவர்போலத் தொடர்வார். நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். கண்ணாடி ஏற்றிய காருக்குள் சுருட்டு மணக்கும். அந்த வீட்டில் சுருட்டுப் பிடிப்பவர் எவருமே இல்லை.

வாங்க வந்தவர்கள் சாவியைத் திருப்புவார்கள். கார் முனகும், அதோடு சரி. "அவருக்கு விருப்பமில்லை" என்பார் சிஞ்ஞோரா. வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு நழுவுவார்கள். அம்மா வேலைச்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி ஓரமாக நிற்பார்.

மரித்தவர்கள் திருநாளில் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குக் கேட்டதைக் கொடுப்பார்கள் என்பது பலேர்மோ வழக்கம். என் வகுப்பில் ஆளாளுக்குத் தாராளமான செத்தவர்கள் இருந்தார்கள். எங்களுடைய செத்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊரான மன்னாரில். அவ்வளவு தூரம் வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. உள்ளூரில் எனக்குத் தெரிந்த செத்தவர் ஒருவர்தான். திருநாளுக்கு முந்திய மாலை, காரின் கதவில் வாயை வைத்து, இத்தாலியனில், மரியாதையாகக் கேட்டேன். பொம்மை வேண்டாம், உங்கள் கார் ஓடும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும் என்றேன். உள்ளே இருக்கை ஒன்று மெல்லக் கிறீச்சிட்டது. எடுத்தேன் ஓட்டம்.

மறுநாள் தகப்பனின் கல்லறைக்கு வந்த மகன், கார் வாங்கக் கையோடு ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் சாவியைத் திருப்பினார். கார் உறுமியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன்.

சிஞ்ஞோரா அழவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல என் தலைக்கு மேலே பார்த்து, "சரி, நீங்கள் சொன்னால் போகிறேன்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

"நான்தான் அவரிட்டைக் கேட்டனான் அம்மா!" என்றேன். அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

டிசம்பரில், நத்தாருக்கு முன் நாங்களும் பெட்டி கட்டினோம், துறைமுகப் பக்கம் ஒழுகும் அறை ஒன்றுக்கு. வீடு போன கவலையில்தான் அம்மா அன்று அப்படி நின்றார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

விளம்பரத்தைக் காட்டியபோது அம்மா கைபேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அப்பா ஊரிலை லொறி ஓடினவர். கள்ளர் கொண்டுபோகாமல் ராவிலை எஞ்சினுக்குள்ளை ஒரு சின்னச் சாமானைக் கழட்டிக்கொண்டு வாறவர். அது இல்லாட்டி எஞ்சின் வேலை செய்யாது. எனக்கும் காட்டித் தந்தவர். கார் பாக்க ஆள் வருகுதெண்டால் முதலே கழட்டிப்போடுவன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளும் நான் பயந்தது அம்மாவுக்கா!

"அப்ப அண்டைக்கு மறந்துபோனியளோ?"

அம்மா எழுந்துபோய், செபமாலைப் பெட்டியிலிருந்து பெருவிரல் பருமனில் கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இல்லைப் பிள்ளை. அண்டைக்கும் இது என்ரை பைக்குள்ளைதான் கிடந்தது."