ஓட்டாமல் பார்க்கவும்

வேலுச்சாமி அண்ணைக்குப் பேய் பிசாசில் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனால் துபாயின் அல் குசைஸ் முழுக்கச் சல்லடை போட்டாலும் அவரளவுக்குப் பேய்ப்படம் பார்த்த ஆள் அகப்படாது.

எங்கள் கட்டடத்தின் கீழே, சலவைக்கடைக்கும் கஃபத்தீரியாவுக்கும் நடுவில், ரோஜா வீடியோ இருந்தது. அங்கேதான் அவருக்கு வேலை. கடை சேதுராமன் சாருடையது. லைசென்ஸ் மக்தூம் என்ற அரபியுடையது. கீழ்த்தட்டு மட்டும் வேலுச்சாமி அண்ணையுடையது. அதில் என்னைத் தவிர யாரும் எடுக்காத பேய்ப்படங்கள் முப்பத்துநான்கு இருந்தன.

மற்றவர்கள் எடுக்காததில் ஆச்சரியம் இல்லை. ஒன்றில்கூடப் பாட்டு இல்லை. நடித்தவர்களை அவர்களுடைய தாய்மாருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணைக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது, ஆகையால் எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்திருந்தார். ‘கிணத்து ஆஸ்பத்திரி’ என்று ஒன்று. பொழுதுபடும் நேரம் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு நர்ஸின் பெயரை யாரோ கூப்பிடுவார்கள், கடைசிவரை பேயைக் காட்டவே மாட்டார்கள். ‘மூணாம் மாடி’ என்று ஒன்று. இரண்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் மூன்றாவது மாடியில் போய் நிற்கும். ‘மெழுகுக்காரன் பொஞ்சாதி’ என்று இன்னொன்று. ஒவ்வொரு மெழுகுதிரி எரிந்து முடியும்போதும் ஊர் ஒரு ஆளை மறந்துபோகும்.

சிகரெட் பெட்டி அட்டையை வெட்டி, ஒவ்வொரு கசெட் உறைக்குள்ளும் ஒரு சீட்டு எழுதி வைத்திருப்பார். “பயம் கொஞ்சம். துக்கம் நெறய. பாக்கலாம்.” “கத்தல் இல்ல. கதவு மட்டுந்தான். பாக்கலாம்.” எல்லாச் சீட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: “ஓட்டாமல் பார்க்கவும்.”

நான் எல்லாப் படத்தையும் வேகமாக ஓட்டித்தான் பார்ப்பேன். பேய் வருகிற இடத்துக்கு நேரே போய்விடுவேன். பேய் வந்தால் சிரிப்பேன். யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், அப்பாவிடம் வந்து சேர்ந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைக்காமல், பதினாறு வயதில் வீட்டில் குந்தியிருக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

“பத்மாவதி, உந்தக் கண்டறியாத படங்களைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா!” என்று அம்மா கத்துவா. நான் போய்க் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு வருவேன்.

அண்ணை ஏன் பேய்ப்படம் பார்த்தார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குச் சொன்னது பிறகுதான், சொல்லியும் பிரயோசனம் இல்லாத நேரத்தில்.

அவர் மலைநாட்டுத் தோட்டத்து ஆள். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள். கஃபத்தீரியாவில் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம், “இது கூட்டி அள்ளுன தூசி பாப்பா, நாங்க மாட்டுக்குக்கூடப் போட மாட்டோம்” என்பார். எண்பத்தொன்றில் அவருடைய தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் படம் எடுக்க வந்தார்களாம். துரை பங்களாவில் பேய் இருப்பதாகக் கதை. கொழுந்து பறிக்கிற பெட்டைகளில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, கூடையோடு பனிக்குள்ளே பங்களாவைப் பார்த்து நடக்க விட்டார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். மூன்றாவதாக நடந்தது அவருடைய மகள் மீனாம்பாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

அடுத்த வருடம் அண்ணை துபாய்க்கு வந்தார். அதற்கடுத்த வருட ஆடிக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். தாயும் மகளும் தேயிலைக்குள் ஓடினார்கள். விடிந்ததும் தாய் மட்டும் வெளியே வந்தா. கடிதம் இரண்டு மாதம் கழித்துத்தான் அண்ணையின் கைக்கு வந்தது. வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் லயத்தோடு போய்விட்டது.

அந்தப் படத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. பேய்ப்படம் என்பது மட்டும்தான் தெரியும். தேராச் சந்தையிலிருந்து மொத்தமாக வருகிற கசெட் பெட்டிகளில் பேய்ப்படம் எது இருந்தாலும் எடுத்துப் போட்டுப் பார்த்தார். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை பூட்டுகிற நேரத்தில், ஷட்டரை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக, ஓட்டாமல். எங்கே எந்த மூலையில் பங்களா வரும் என்று தெரியாதே. இருநூறுக்கு மேல் பார்த்தாராம். இரண்டு வருடம் கழித்து எண்பத்தைந்தில் ஒரு நாள், பத்தொன்பதாவது நிமிஷத்தில், பனிக்குள்ளே பன்னிரண்டு கூடைகள் வந்தன. பதினொரு விநாடி.

தேடித் தேடிப் பார்த்ததில் மற்றப் பேய்ப்படங்களிலும் அவருக்கு ஒரு பரிவு வந்துவிட்டது. அந்தப் படங்களிலும் யாராவது ஒருத்தருடைய பிள்ளை நடந்து போயிருக்கும் என்பார்.

அவருடைய அறை கடைக்குப் பின்னால், ஐந்து பேரோடு. அங்கே ஒரு கசெட் கிடந்தால் டிவியில் வருகிற வெள்ளிக்கிழமை மல்யுத்தத்தை அதில் பதிந்துவிடுவார்கள். ஒருமுறை வேறு கசெட்டில் கொப்பி எடுத்தும் பார்த்தாராம். கொப்பியில் பனியும் பிள்ளைகளும் ஒன்றாகக் கரைந்துபோனார்கள். ஆகவே யாரும் தொடாத கீழ்த்தட்டுத்தான் துபாயிலேயே பத்திரமான இடம் என்று அதை அங்கேயே வைத்தார். ‘பங்களாப் படம்’ என்று சீட்டும் எழுதினார். கசெட்டின் விளிம்பில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டார். பல் இல்லாத கசெட்டில் மெஷின் எதையும் பதியாது, வெளியே துப்பிவிடும்.

ஆனால் சேதுராமன் சாரிடம் ஒரு சட்டம் இருந்தது. மூன்று மாதத்தில் மூன்று பேராவது எடுக்காத படம் கூடைக்குப் போகும். புதன்கிழமை தேராவிலிருந்து புதுப்படம் வரும், கூடையில் இருக்கிற கசெட்டுகளில் அதைப் பதிவார்கள். பழையது அழிந்துவிடும்.

“யோவ் வேலு, கேசட்டு என்ன மரத்துலயா காய்க்குது? கீழ வரிசைய அப்படியே தூக்கிக் கூடைல போடுய்யா.”

“சார், போன வாரங்கூட ஒருத்தரு எடுத்தாரு சார்.”

“எவன்யா அவன்? பேயா?”

எடுத்தவர் அண்ணைதான். உறையின் பின்புறம் திகதி முத்திரை குத்துகிற தாளில், மாதா மாதம் தானே குத்திவைப்பார். அப்படித்தான் முப்பத்துநான்கையும் காப்பாற்றி வந்தார்.

இனி என் கதை வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி சிவகொழுந்து மாமி குடும்பப் படம்தான் பார்ப்பா. படம் தொடங்க முன்னமே கண் துடைக்கிற லேஞ்சியை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுவா. ஒரு தங்கச்சிக்காக அண்ணன் இரண்டரை மணித்தியாலம் அழுகிற படம் ஒன்று, அதை அவ மறுபடி பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தா. லேஞ்சியோடு குந்தியிருக்கிற மாமிக்கு முன்னால் பேய் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டால் எனக்கு நித்திரை வராது.

அழுகைப் படத்தையும் பங்களாப் படத்தையும் ஒன்றாக எடுத்தேன். பங்களாப் படத்தை நான் கேட்டதும் அண்ணையின் முகம் போன போக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. கசெட்டை எடுத்துச் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தார்.

“நெசமாத்தான் கேக்குறீங்களா பாப்பா? இத இதுவரைக்கும் யாரும் எடுத்ததே இல்ல.”

“பேய் திறமோ அண்ணை?”

“பேய் கெடக்கட்டும். முன்னாடி பாகம் நல்லா இருக்கும். ஓட்டாம பாருங்க, என்ன?”

நான் ஓட்டித்தான் பார்த்தேன். படத்தில் பேய் ஒரு மணித்தியாலம் தாண்டித்தான் வந்தது. பிறகு கேத்தல் ஆவியில் இரண்டு கசெட்டிலும் இருந்த பெயர்த் தாள்களை உரித்து, மாற்றி ஒட்டி, உறையையும் மாற்றினேன். ஒரு சுருக்கம் விழவில்லை. படிப்பைத் தவிர வேறு எதையும் நான் அரைகுறையாகச் செய்யமாட்டேன்.

செவ்வாய் இரவு கடை பூட்டும் நேரம் திருப்பிக் கொடுத்தபோது அண்ணை கேட்டார்.

“முன்னாடி பாகம் பாத்தீங்களா?”

“அதுதான் அண்ணை திறம்.”

அவர் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பெப்சி எடுத்து, மூடியைத் திறந்து, என் கையில் தந்தார். நான் முழுக்கக் குடித்தேன்.

சிவகொழுந்து மாமி அன்றிரவு வரவில்லை. காய்ச்சல். மறுநாள் புதன்கிழமை காலை வந்து புதுப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனா. தங்கச்சிக்காக அழுகிற படத்தை மூன்று மாதத்தில் எடுத்தது நான் ஒருத்திதான். அன்றே சேதுராமன் சார் அதைக் கூடையில் போட்டார்.

கூடைக் கசெட்டுகள் எல்லாமே பல் உடைந்தவை. கடையில் வாடிக்கையாளர்கள் அழித்துவிடாமல் இருக்க எல்லாவற்றையும் உடைத்துத்தான் வைப்பார்கள். அதனால் பதிகிறதுக்கு முன் ஓட்டைமேல் செலோடேப் ஒட்டவேண்டும். அண்ணை கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பத்துக் கசெட்டுக்கும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டே போவார், கொழுந்து பறிக்கிற கை. ஒட்டினார். முதலில் கையில் வந்த அழுகைப் படக் கசெட்டை உள்ளே தள்ளிப் பதிகிற பித்தானை அமத்தினார். மணி ஒன்று. ஷட்டரை இறக்கினார். சோறு சாப்பிட்டார். பிறகு வழக்கம்போல மற்ற மெஷினில் பங்களாப் படத்தைப் போட்டார்.

தங்கச்சிக்காக ஒருவன் அழுதான்.

நாலு மணிக்கு நான் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தபோது ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன். அண்ணை நிலத்தில் இருந்தார். டிவியில் பங்களாப் படத்தின் பின்பாதி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அவர் ஓடிப்போய் மெஷினை நிறுத்தும்போது நாற்பத்தொரு நிமிஷம் அழிந்துவிட்டதாம். பேய் ஒரு கீறலும் இல்லாமல் தப்பிவிட்டது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். தோட்டம், பிஸ்கட் பாக்கெட், தீ, எல்லாம். ஒரு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். தாளை மாற்றியது நான்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவே இல்லை. வேறொன்று கேட்டார்.

“பாப்பா, நீங்கதான் பாத்திருக்கீங்க. என்னயத் தவிர இந்த ஊர்ல பாத்தது நீங்க ஒருத்தருதான். மூணாவதா போவுமே, அது எப்புடி இருந்துச்சு? சொல்லுங்க. இன்னொருத்தர் வாயால கேட்டுக்கிறேன்.”

இத்தனை நாளும் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்காவது இப்படிப் பாடுபட்டதில்லை. கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

“வடிவா இருந்தவ அண்ணை. நடந்து போகேக்குள்ள ஒருக்கால் திரும்பிப் பாத்தவ. பாத்துச் சிரிச்சவ.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு சின்னப் பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்ததைப் பார்க்கிற மாதிரி.

“திரும்பிச்சா?”

“ஓம் அண்ணை.”

“திரும்பாது பாப்பா. எல்லாம் முதுகுதான். திரும்பிப் பாக்கக் கூடாதுனு வெள்ளக்காரன் சொல்லிட்டான். கூடைக் கயித்தத் தலைல போடுற விதத்த வச்சுத்தான் எனக்கே அடையாளம். ஒரு வருசமா தெனமும் பாத்தேன். இன்னிக்காவது திரும்பிராதானு.”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“அண்ணை, நான் வேணுமெண்டு...”

“வீட்டுக்குப் போங்க. அம்மா தேடுவாங்க.”

அதற்குப் பிறகு நான்கைந்து வெள்ளிக்கிழமை அவர் கடை கடையாக அலைந்தார். தேரா, சத்வா, ஷார்ஜா. நானும் அப்பாவை நச்சரித்து இரண்டு தரம் கூடப் போனேன். அப்பா வெயிலில் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு, “உனக்கென்ன பிள்ளை திடீரெண்டு வீடியோ ஆராய்ச்சி?” என்றார். தேராவில் மொத்தமாக விற்கிறவனிடம் அண்ணை பங்களாவைக் கையால் வரைந்து காட்டினார். அவன் ஞாபகம் வைத்திருந்தான். “அதுவா? மாஃபி பாய், இல்ல. யாரும் எடுக்கல. மேல வேற பதிஞ்சாச்சு. கலாஸ், முடிஞ்சிருச்சு.” ருவைஸ் ரிஃபைனரி காம்பு வீடியோக் கடையில் இருக்கிற கூட்டாளிக்கு எழுதிக் கேட்டார். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை, அங்கேயும் மேலே வேறு பதிந்தாயிற்று. எங்கள் கடைச் சட்டம்தான் எல்லாக் கடையிலும்.

மிச்சக் கசெட்டை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணை முத்திரை குத்தித் தந்தார். முதல் நாற்பத்தொரு நிமிஷம் யாரோ ஒரு பகிடிக்காரன் வாழைப்பழத் தோலில் வழுக்கி வழுக்கி விழுந்தான். பிறகு திடீரென்று பங்களா. முதல் தடவையாக ஒரு படத்தை ஓட்டாமல் பார்த்தேன். நல்ல படம். நெஞ்சறியச் சொல்லுகிறேன், யாராவது பார்த்திருக்கவேண்டிய படம். கடைசிக்கு முன்னால் ஓரிடத்தில் அந்த ஒற்றையடிப் பாதையை மறுபடி காட்டினார்கள். பனி மட்டும் இருந்தது. அதில் நிறுத்தி வைத்துவிட்டு, டிவிக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டப் பார்த்தேன்.

“கண் கெட்டுப்போகும் மூதேவி” என்றா அம்மா.

சிகரெட் அட்டை ஒன்றை வெட்டி நானே எழுதினேன்: “பின்பாதியிலும் பாதை வருகிறது. ஓட்டாமல் பார்க்கவும்.” உறைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த புதன் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினேன். கீழ்த்தட்டு வெறுமையாக இருந்தது. முப்பத்துமூன்று படம் கூடைக்குள். முத்திரை குத்துவதை அவர் விட்டுவிட்டார். கிணத்து ஆஸ்பத்திரி, மூணாம் மாடி, எல்லாவற்றுக்கும் செலோடேப் ஒட்டியாகிவிட்டது. சீட்டுகள் குப்பை வாளியில் கிடந்தன, என்னுடையதும் சேர்த்து. பங்களாக் கசெட் அவர் கையில் இருந்தது.

“அண்ணை, அது வேண்டாம். மிச்சம் இருக்குத்தானே. பாதை இருக்கு.”

“பாத்தேன் பாப்பா.”

“அப்ப ஏன்?”

“மிச்சத்துல யாரும் இல்ல.”

கசெட்டை உள்ளே தள்ளினார். மெஷின் அதை விழுங்கியது. பதிகிற சிவப்பு லைட் பற்றியது. அவர் ஷட்டர்க் கம்பியை எடுத்துக்கொண்டு, நான் வெளியே போகட்டும் என்று காத்து நின்றார்.