மூன்றாவது முடிச்சு

சிறுசேரிக்குப் போகும் கம்பெனி வேனில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. ஒல்லி உடம்பு, காதில் பெரிய வளையம். செங்கல்பட்டைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அடுத்த வாரம் பாலித் தீவுல எனக்குக் கல்யாணம்க்கா. வூட்ல யாருக்கும் தெரியாது. நேத்துதான் டிக்கெட் போட்டோம்."

"கடல்தான் வேணும்னா மாமல்லபுரம் இருக்கே?"

"அங்க மணல்ல கால் வெச்சாலே எங்க சித்தப்பா பைக் வந்து நிக்கும்."

என் கல்யாணத்துக்கு நாள் குறிக்கவே பெரியவர்கள் ஒரு வருடம் பேசினார்கள். புடவை நிறத்தைக்கூட என்னிடம் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவளை எங்கேயாவது குத்த வேண்டும் போலிருந்தது.

"தாலியில மூணாவது முடிச்சு நாத்தனார்தானே போடணும்? அங்க யாரு போடுவா?"

"இன்னாக்கா, அதுக்குன்னு ஒரு ஆளா? மூணையும் அவனே போட்டுடுவான்." சிரித்துக்கொண்டே இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் இருக்கை காலியாக இருந்தது. செங்கல்பட்டைத் தாண்டியதும் நானும் செருப்பைக் கழற்றிச் சம்மணம் போட்டுப் பார்த்தேன். உடனே போன் அடித்தது. எனக்கு மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனார்.

"இன்னா, சாம்பார்ல உப்பே போடாம போயிட்ட?"

காலைக் கீழே இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னேன்.