நான்கு மில்லிமீட்டர் வளைவு

ஒரு தவறு ஒப்பந்தமாகி, ஒப்பந்தம் வரலாறாகி, அந்த வரலாற்றின் மேல் ஒரு கொள்கையும் எழுந்து நின்றுவிட்டால், அதைத் தவறு என்று சொல்லும் உரிமை யாரிடம் மிஞ்சும்? நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வரைபடக்காரராக வேலை பார்த்த ஒருவரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தத்துவம் படித்தவரல்ல. செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் வானிலைப் பகுதியைப் பார்ப்பார். ஈரக்காற்று என்று போட்டிருந்தால் அன்றைக்குப் பேனாவைத் தொட மாட்டார்.

சக ஊழியர்கள் அவருக்கு 'அரைமில்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். "அரைமில்லி கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க கோணலா நிக்கிறாங்கன்னு போட்டோவைத் திரும்ப எடுக்கச் சொன்னாராம்" என்பது அலுவலகத்தில் நிரந்தரக் கேலி. அவரைத் திறமைசாலி என்று சொல்ல எனக்குத் தயக்கம். கவனமானவர். இரண்டும் ஒன்றல்ல.

ஏழு ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அவருடைய நாடும் பக்கத்து நாடும் எல்லை ஒப்பந்தத்துக்கு வந்தன. இரு தரப்பு அளவையாளர்களும் சேர்ந்து தரையை அளந்து குறிப்பேடு எழுதினார்கள். அதை வைத்து இறுதிப் படத்தை மெல்லிய பிரதித்தாளில் மையால் வரையும் வேலை அரைமில்லியிடம் வந்தது. வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர்.

பிரதித்தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நீளும், வெயிலில் சுருங்கும். அதனால் எல்லைக் கோட்டை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் தாளிலுள்ள எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் தொட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம் இது. அவர் மேல்பாதியை ஒரு வெள்ளிக்கிழமை முடித்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. திங்கட்கிழமை காலை அமைச்சக அதிகாரி வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, இன்னும் முடியலையா? பதினோரு மணிக்குக் கையெழுத்து. ரெண்டு நாட்டுத் தலைவருங்களும் வந்து உக்காந்திருக்காங்க."

"சார், கட்டம் சரிபார்க்கணும். ஒரு மணி நேரம்..."

"ஏழு வருஷம் சண்டை போட்டாச்சு. நீ ஒரு மணி நேரம் கேக்குறியே. வண்டி கீழே ஓடிட்டே இருக்கு."

அவர் தாளின் கீழ்மூலைக் குறிகளை மட்டும் பொருத்திக்கொண்டு கீழிருந்து மேல்நோக்கி வரைந்தார். இரண்டு பாதியும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்கவில்லை. நடுவில் நான்கு மில்லிமீட்டர். வாழ்நாளில் முதல்முறையாகத் தாளைக் கிழிக்க அவருக்கு நேரமில்லை. வரைபடக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். இரண்டு முனைகளையும் ஓர் அழகான வளைவால் இணைத்தார். ஆறு திரும்புவதுபோல இயல்பாக இருந்தது அது. எல்லைக்கல் நடும்போது குறிப்பேட்டைப் பார்த்து நடுவார்கள், சரியாகிவிடும் என்று நினைத்தார். ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு அவருக்குத் தெரியாது: குறிப்பேடும் படமும் முரண்பட்டால் படமே செல்லும்.

வளைவுக்குள் பதினோரு வீடுகளும் ஒரு மாவு மில்லும் அந்தப் பக்கம் போயின. மில் அவருடைய மனைவியின் அண்ணனுடையது.

வேலி வந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவலர் முன்னால் பத்து நிமிடம் கம்பிக்கு இரு புறமும் நின்று பேசலாம். மாமியார் இவர்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மைத்துனர் வர அனுமதி கேட்டார். அனுமதி வந்தது, மாமியார் இறந்த ஒன்பதாம் நாள். மனைவி அந்தக் கடிதத்தை நான்காக மடித்து அலமாரியில் வைத்தார். யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு அறிஞர்கள் வந்தார்கள். இந்தப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் அந்த வளைவைப் பற்றி நானூறு பக்க நூல் எழுதினார். தலைவர் வேண்டுமென்றே ஒரு பிடி மண்ணை விட்டுக்கொடுத்து எதிரியின் மானத்தைக் காப்பாற்றினார், அமைதி அந்த வளைவில்தான் பிறந்தது என்பது அவர் கண்டுபிடிப்பு. நூல் மோசமானதல்ல, மேற்கோள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் வேறு விளக்கம். பதினோரு குடும்பங்கள் தாமாக விரும்பி அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தன, மக்களின் விருப்பத்துக்கு முன் எந்தத் தலைவரும் கோடு போட முடியாது என்று அங்கே பாடம் நடத்தினார்கள். வரலாற்றைத் தனிமனிதர் செய்கிறாரா, மக்கள் செய்கிறார்களா என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் எதிரெதிராக நின்றன. ஈரத்தாளைப் பற்றி எந்தப் பக்கத்திலும் அடிக்குறிப்புகூட இல்லை.

"மாப்பிள்ளை, விஷயம் தெரியுமா?" என்றார் மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. "நான் விரும்பித்தான் இந்த நாட்டுக்கு வந்தேனாம். வருஷா வருஷம் மேடையில ஏத்திக் கைதட்டுறாங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது."

"நீங்க என்ன சொன்னீங்க மச்சான்?"

"என்ன சொல்றது? மைக்கைக் கொடுத்தாங்க. மில்லுக்கு மின்சாரம் சரியா வரலைன்னு சொன்னேன். பிடுங்கிட்டாங்க."

காவலர்கூடச் சிரித்தார். அரைமில்லியும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

அவருடைய அறையில் அடியிலிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசை ஒன்று. தாள் பறக்காதிருக்க ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். பள்ளிப் படம், தபால் துறைப் படம், ரயில்வே படம் என்று ஆண்டுதோறும் எது வந்தாலும் அந்த வளைவை அவரே வரைய வேண்டும். அதை அவ்வளவு சுத்தமாகப் போடும் கை வேறு இல்லை என்று மேலதிகாரி பாராட்டினார். ஒருநாள் எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் நோட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா, எல்லை வளைவுக்கான காரணங்களை விளக்குக. அஞ்சு மார்க்."

"புத்தகத்துல என்ன இருக்கு?"

"தலைவரோட தொலைநோக்கு."

"அப்ப அதையே எழுது."

"நீங்கதானே படம் வரையிறீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு அஞ்சு மார்க் யாரும் தரப்போறதில்லை. எழுதும்மா."

ஒப்பந்தம் நடந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தேய்ந்த எல்லைக்கற்களை மாற்ற இரு நாட்டுக் கூட்டுக் குழு வந்தது. குழுத்தலைவி ஒரு பொறியாளர். பழைய குறிப்பேட்டைப் படத்தோடு வைத்துப் பார்த்து முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். வரைந்தவர் அடுத்த வாரம் வாக்குமூலம் தர வேண்டும் என்று கடிதம் வந்தது.

அன்று மாலை அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"பத்தொம்பது வருஷம். எங்கம்மா அண்ணனைக் கேட்டுக் கேட்டுச் செத்தாங்களே, அப்பவும் உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

"தெரியும்."

"எப்படிங்க சோறு இறங்குச்சு உங்களுக்கு?"

மனைவி நறுக்கிய காயை அடுப்பில் ஏற்றிவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வாங்க. உள்ள வச்சாலும் பரவாயில்லை, நான் சாப்பாடு கொண்டுவரேன். ஆனா சொல்லிட்டு வாங்க" என்றார்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வேலிக்குப் போனார். மைத்துனரின் மகளை வளைவைத் தாண்டி அந்த நாட்டுக்குள் இருக்கும் ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மைத்துனர் இடுப்பில் பேத்தியோடுதான் வந்து நின்றார்.

"மச்சான், கோட்டை மாத்திப் போட்டா இந்தப் பக்கம் வந்துடுவீங்க. சம்மதமா?"

மைத்துனர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "முதல் தடவை போடும்போது என்னைக் கேட்டா போட்டாங்க?" என்றார். பிறகு மில்லுக்குப் புதுக் கல் வாங்கியதைப் பற்றிப் பேசினார். பத்து நிமிடம் முடிந்தது.

குழு கூடிய அறை சிறியது. இரு நாட்டுக் கொடிகளுக்கு இடையில் மின்விசிறி ஒன்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவிலேயே சுற்றியது. தலைவி பழைய பிரதித்தாளை விரித்து, வளைவின் மேல் பென்சிலை வைத்தார்.

"ஐயா, பயப்படாதீங்க. வரையும்போது நடந்த பிழைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, நாங்களே இதைத் திருத்திடலாம். தொழில்நுட்பத் திருத்தம், அவ்வளவுதான். உங்க மேல எந்த நடவடிக்கையும் இருக்காது. ரெண்டு அரசும் எழுத்துலயே கொடுத்திருக்கு. ஆனா மேலிடத்து உத்தரவுப்படி வரைஞ்சதுன்னா, அது அரசியல். எங்க அதிகாரத்துக்கு வெளியே. கோடு இப்படியே நிக்கும்."

"புரியுது."

"அப்ப சொல்லுங்க. பிழையா, உத்தரவா?"

தண்டனைக்குப் பயந்தார் என்று சொல்ல வழியில்லை. பேராசிரியரின் நூலை அவர் மதித்ததும் இல்லை. மனைவி அதன்பின் வாரக்கணக்கில் அழுதும், மாதக்கணக்கில் பேசாமல் இருந்தும் காரணம் கேட்டார். மகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒருமுறை கேட்டாள். மைத்துனர் கேட்கவேயில்லை. இறக்கும்வரை பதினோரு ஆண்டுகள் அரைமில்லி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நாமாக ஒரு காரணத்தைப் பொருத்திப் பார்க்கலாம். அறிஞர்கள் அந்த வளைவுக்குச் செய்ததும் அதுதான்.

அவர் பேனாவை வாங்கினார். அது எழுதுமா என்று விளிம்பில் சிறிதாகக் கீறிப் பார்த்தார். பிறகு, நேரான எழுத்தில், 'உத்தரவுப்படி வரையப்பட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.